கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் பெயர் கொடுப்பவர்களுக்கு

கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு எங்கள் அன்பியத்தில், அதாவது பங்குக் கோயிலின் சிறு குடும்பக் குழுவில், பதினோரு வருசமாக நான்தான் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். தை பிறந்தால் போதும், வாசலில் செருப்பு குவிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் பெயர். ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். நம் கடற்கரையில் ஒரே ஆள் கோயில் ஏட்டில் மரிய அந்தோணி, ஆதாரில் அந்தோணிச்சாமி, படகில் கட்டையன். ஒரு வருசம் அவசரத்தில் என் சித்தப்பாவுக்குக் கோயில் ஏட்டுப் பெயரை எழுதித் தொலைத்தேன். ஜெட்டியில் கார்டைப் பார்த்தவர்கள் ஏற விடவில்லை. நேர்ச்சை மெழுகுதிரியை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் போனவர், அப்புறம் நாலு மாதம் பேசவில்லை.

படகின் பதிவு எண், ஓட்டுபவர் விவரம் எல்லாம் சம்மாட்டி, அதாவது படகின் சொந்தக்காரர், கொடுப்பார். நீங்கள் சரிபார்த்தால் போதும். அரசு வேலையில் இருப்பவர்கள் துறையின் தடையில்லாச் சான்றை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கடைசி நாள் ஆண்டுக்காண்டு மாறும். கோயில் நோட்டீஸ் பலகையைப் பாருங்கள், வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள்.

ஒரு எழுத்துக்கு இத்தனை கெடுபிடியா என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு: 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைப் பக்கம் போனது. அதன் ஐந்தாவது பிரிவுப்படி இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே அங்கே போய்வரலாம்; இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்கக் கூடாது. 1976 உடன்பாட்டுக்குப் பிறகு அந்தக் கடலில் நம் மீன்பிடி உரிமை நின்றது. நமக்கு மிஞ்சியவர் அந்தோணியார்தான். அந்தக் கோயிலோ யாழ்ப்பாணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது, நாம் சிவகங்கை மறைமாவட்டம். அழைப்பு அங்கிருந்து வரும். ராமேஸ்வரம் வேர்க்கோடு பங்குக் கோயிலில் பெயர் பதிவார்கள், பட்டியல் கலெக்டர் அலுவலகம் போகும். ஆக, பங்கு அலுவலக மேசையில் நீலப் பேனாவால் எழுதுகிற அந்தத் தாள்தான் நமக்குப் பாஸ்போர்ட்.

“சாமியாருக்கு எதுக்கு அரசியல்?” என்று பங்குத்தந்தையைப் பற்றிக் கேட்கிற தம்பிமார் உண்டு. படகு பிடிபட்ட ராத்திரியில் முதல் போன் யாருக்குப் போகிறது என்று அவர்கள் வீட்டு அம்மாவைக் கேட்கட்டும். பங்கு என்று நாம் சொல்வது சாமியாரின் பங்கையும்தான், பிடித்த மீனில் ஆளுக்கு விழுகிற பங்கையும்தான். அதற்காகப் பிரசங்கத்தில் ஓட்டுக் கேட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன், அது வேறு. 2024இல் நம் படகோட்டிகளுக்கு அங்கே சிறைத் தண்டனை விழுந்ததும் மீனவர் சங்கங்கள் திருவிழாவைப் புறக்கணித்தன. நிரப்பி வைத்த விண்ணப்பக் கட்டு என் அலமாரியிலேயே கிடந்தது. கோபம் நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கத்துச் சனத்தோடு முகம் பார்த்துப் பேச நமக்கு இருக்கிற ஒரே மணல்மேட்டையும் நாமே விட்டோமே என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். தவக்காலத்தில் வருகிற திருவிழா, முதல் நாள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, சுத்தபோசனம், இறைச்சி கூடாது. புளிச்சோறு கட்டுங்கள், ராத்திரி வரைக்கும் தாங்கும். தீவில் குடிதண்ணீர் ஊற்று கிடையாது. கொடுக்கிறார்கள் என்றாலும் கையில் ஒரு கேன் இருக்கட்டும். விரிக்கப் பாய், குழந்தைக்கு ஸ்வெட்டர், எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட். சேலை, சோப்பு என்று மூட்டை கட்டாதீர்கள், சுங்கச் சோதனையில் நின்றுவிடும். சாராயம் கொண்டுவருகிறவர் என்னிடம் விண்ணப்பத்துக்கு வரவே வேண்டாம்.

முதல் நாள் சாயங்காலம் கொடியேற்றம், சிலுவைப் பாதை, திருப்பலி, தேர் பவனி. மறுநாள் காலையில் திருவிழாத் திருப்பலி முடிந்து கொடியிறங்கியதும் கிளம்பிவிட வேண்டும். ஆக, பேசுவதற்குக் கிடைப்பது நடுவில் உள்ள ஒரு ராத்திரிதான். தூங்கிக் கழிக்காதீர்கள்.

எப்படிப் பேசுவது? நம் பையன்கள் எடுத்த எடுப்பில் “உங்க நேவி” என்று ஆரம்பிப்பார்கள். அப்படி ஆரம்பிக்காதீர்கள். ஒரு வருசம் இலங்கைப் பக்கத்து நெடுந்தீவு அக்கா ஒருத்தி என் பாயில் வந்து உட்கார்ந்தாள். புளிச்சோறு கொடுத்தேன். தின்று முடித்து, விரலைச் சப்பிக்கொண்டே சொன்னாள்: “உங்கட இழுவைமடி எங்கட வலையை அள்ளிக்கொண்டு போட்டுது. கடனுக்கு எடுத்த வலை.” குரலை உயர்த்தவில்லை. எங்கள் வீட்டிலும் அந்த இழுவைமடிதான், கடலடியை வாரி இழுக்கிற வலை. என்ன பதில் சொல்வது? இன்னொரு கை சோறு வைத்தேன். அதற்கப்புறம்தான் பிடிபட்ட எங்கள் படகைப் பற்றிச் சொன்னேன், அவளும் கேட்டாள். அதனால் முதலில் பிள்ளைகுட்டி, அப்புறம் கடன், அப்புறம் வலை. நேவி கடைசியில் தானாக வரும்.

திரும்பி வந்து இறங்கியதும் வருகைப் பதிவு முடியாமல் ஒருவரும் நகரக் கூடாது. போன தலையும் வந்த தலையும் ஒத்துப்போக வேண்டும். ஒரு தடவை ஒரு தலை குறைந்தது. கடலில் விழுந்தானா, தீவிலேயே நின்றுவிட்டானா என்று வெயிலில் எங்கள் படகுக்காரர் மொத்தப் பேரும் ஜெட்டியிலேயே நின்றோம், சாமியார் போனும் கையுமாக வேர்த்துப்போய் அலைகிறார். என் கொழுந்தன் கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தான்.