தானியம் ஒவ்வாத குதிரைக்குத் தெம்பு தந்த தீவனம்

தடை தாண்டும் போட்டிகளுக்காக நான் பழக்கிவந்த, ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள பெட்டைக்குதிரைக்கு, ஓட்ஸும் பார்லியும் கொடுத்த நாள்களில் விலாவெங்கும் தடிப்பு எழும்பும். லத்தி இளகிப் புளித்த வாடை வீசும். தானியத்தைக் குறைத்தாலோ, பாதிச் சுற்றிலேயே களைத்துவிடும். அதைப் பார்க்க எனக்குத் தாளவில்லை.

கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி தானியம் அனைத்தையும் நிறுத்தி, நான்கு வாரங்கள் உலர்புல்லும் உப்பும் மட்டும் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தேன். பார்லியில் தடிப்பு வந்தது. ஓட்ஸில் லத்தி இளகியது. சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சும் மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து அமிலமாகும் என்றும், அது குளம்பு அழற்சியில் கொண்டுபோய் விடக்கூடும் என்றும் மருத்துவர் விளக்கியபோது, தெம்புக்குத் தானியத்தையே நம்பியிருந்த என் பழக்கம்தான் தவறு என்று புரிந்தது.

ஆகவே, நார்ச்சத்துக்கும் கொழுப்புக்கும் மாறினேன். நாளொன்றுக்கு 9 கிலோ உலர்புல்லைப் பல வேளைகளாகப் பிரித்து வைத்தேன்; அத்துடன் ஒரு கிலோ குதிரைமசால் என்னும் தீவனப்பயிரும், சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பீட் கிழங்கின் சக்கையை நன்றாக ஊறவைத்தும் சேர்த்தேன். மாவுச்சத்தைவிட இரு மடங்குக்கும் மேல் ஆற்றல் தரும் எண்ணெய்தான் முக்கியம் என்பதால், தவிட்டெண்ணெயை 30 மில்லியில் தொடங்கினேன். முதல் முறை அவசரப்பட்டு ஒரே வாரத்தில் கூட்டியதால் லத்தி பிசுபிசுத்துப்போனது. மறுபடி தொடங்கி, மூன்று வாரங்களில் 250 மில்லிக்குக் கொண்டுவந்தேன். எண்ணெயின் அளவுக்கு ஏற்ப வைட்டமின் ஈயும் சேர்த்துக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, கடைசித் தடையைத் தாண்டி வந்தவளின் சேணத்தை இறக்கி, வியர்வை ஈரத்தோடு விலாவைத் தடவிப் பார்த்தேன். ஒரு தடிப்புகூட இல்லை.