தெருவில் இருந்து வீட்டுக்கு வந்த நாய்: முதல் மாதம்

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் மீட்டெடுக்கும் நாய் பெரும்பாலும் மீன் இறக்கும் இடத்துக் கழிவைத் தின்று வளர்ந்தது. கூரையும் கதவும் அதற்குப் புதிது. முதல் மூன்று நாள் குளிப்பாட்ட வேண்டாம், விருந்தாளிகளைக் கூப்பிட்டுக் காட்டவும் வேண்டாம். முதுகுப் பக்கம் சுவர் இருக்கிற ஒரு நிழலான மூலையில் கோணியை விரித்து, பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல் சற்றுத் தள்ளி உட்காருங்கள். அதுவாக வந்து மோந்து பார்க்கட்டும்.

கட்டுவதற்கு வலைக்கயிறு கூடவே கூடாது. நைலான் கழுத்தை அறுக்கும். ரோமத்துக்குள் புண் தெரியாது, புழு வைத்த பிறகுதான் நாற்றம் வரும். இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டு, அகலமான துணிப்பட்டை போடுங்கள்.

சாப்பாட்டில்தான் பாசமே ஆபத்தாகிறது. எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு முதல் நாளே வயிறு முட்டப் போட்டால், ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் திடீரென்று இறங்கி உயிரே போகலாம். பத்துக் கிலோ நாய்க்கு முதல் இரண்டு நாள், குழைந்த சோறும் வேகவைத்த கோழி அல்லது முட்டையும் பிசைந்து, வேளைக்கு ஒரு கைப்பிடி, நாளைக்கு நான்கு வேளை போதும். மலம் கெட்டியாக இருந்தால் ஒரு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். சூடை மீனும் நல்லதுதான், ஆனால் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். கருவாடு வேண்டாம், அதன் உப்பு பேதியை உண்டாக்கும். வெங்காயமும் ஆகாது. உவர்க் கிணற்று நீரை வைக்காமல், நீங்கள் குடிக்கும் குடத்துத் தண்ணீரையே ஊற்றுங்கள். கரையில் ஒதுங்கிய பேத்தை மீனை (உடம்பை ஊதிப் பந்தாக்கும் மீன்) வாயில் வைக்க விடாதீர்கள். அதன் விஷம் மூச்சை நிறுத்திவிடும்.

அடுத்தது உண்ணி. காதுக்குள், கால் விரல் இடுக்கில், வாலடியில் தினமும் தேடுங்கள். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து, நேராக மெல்ல இழுக்க வேண்டும். கையால் நசுக்குவதும் மண்ணெண்ணெய் பூசுவதும் தவறு. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தடவினால் நாயே செத்துப்போகும். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயின் மேல் முட்டையிடுவதில்லை, கீழே இறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் இடும். அதனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் சில வாரங்களில் மறுபடி ஏறிவிடும். வெடிப்புகளைப் பூசி அடையுங்கள், கோணியை மாற்றுங்கள்.

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தாலோ, காய்ச்சலோடு சாப்பிட மறுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அவர் தரும் மாத்திரை நான்கு வாரம்வரை ஓடும், தெம்பு வந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுக்கவே வேண்டாம்.

குடற்புழு மருந்து எடைக்கு ஏற்ப, பதினைந்து நாள் கழித்து மறுபடி. வெறிநோய்த் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள், ஆண்டுதோறும் போடுங்கள். பிறப்புறுப்பில் ரத்தம் சொட்டினால் தெருநாய்களுக்குள் இணைசேர்க்கையில் தொற்றும் கட்டியாக இருக்கலாம். வாரம் ஒரு ஊசி வீதம் சில வாரங்களில் பெரும்பாலும் குணமாகிவிடும், பயந்து கைவிட வேண்டாம்.

பயத்தில் கடித்தாலோ பல் பட்டாலோ, உடனே சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நாயை அடிக்காதீர்கள்.

நடக்கக் கூட்டிப்போவது விடியலில் அல்லது வெயில் தாழ்ந்து. மணலில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வேகும். திரும்பியதும் சீமைக் கருவேல முள் குத்தியிருக்கிறதா என்று நான்கு பாதமும் பாருங்கள். எடை ஏறி, ஈறு இளஞ்சிவப்பான பிறகு கருத்தடை அறுவைக்கு நாள் குறிக்கலாம்.