குறுங்குடல் குழந்தையை வீட்டில் கவனிப்பவர்கள் செய்யும் தவறுகள்

குறுங்குடல் என்பது, குடலின் பெரும்பகுதியை இழந்து, தின்பதிலிருந்து போதிய சத்தை உறிஞ்ச முடியாமல் போகிற நிலை. கை கழுவுவது, மருந்தை நேரத்துக்குக் கொடுப்பதெல்லாம் மருத்துவமனையிலேயே சொல்லித்தான் அனுப்புவார்கள். நான் சொல்லப்போவது, நாங்கள் அன்று செய்து இன்று புதிய பெற்றோர்கள் அப்படியே திரும்பச் செய்கிற தவறுகளை.

என்னால்தான் வந்தது என்று நினைப்பது

என் மகனுக்குப் பிறந்த நாலாம் நாள் குடல் முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று, அழுகிய பகுதியை வெட்டி எடுத்தார்கள். சில குழந்தைகளுக்குக் குறைமாதத்தில் வரும் குடல் அழற்சி, சிலருக்குக் குடல் வயிற்றுக்கு வெளியே இருந்தபடியோ அடைபட்டோ பிறப்பது. அம்மா தின்ற பண்டத்தால் குடல் முறுக்கிக்கொள்ளாது.

காய்ச்சல்தானே, விடியட்டும் என்று விடுவது

சென்ட்ரல் லைன், அதாவது ஊட்டத் திரவத்தை நேராக ரத்தத்தில் ஏற்றப் பெரிய சிரைக்குள் வைத்திருக்கும் குழாய், உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே, வேறு காரணம் உறுதியாகும்வரை அது லைனில் புகுந்த கிருமி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். குழாயின் முனை இருப்பது இதயத்துக்குப் பக்கத்தில்.

மகனுக்கு அப்போது ஒன்பது மாதம். இரவு ஊட்டத் திரவப் பையை மாட்டி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, உதடு நடுங்கி நகமெல்லாம் நீலம் பாய்ந்தது. பல் முளைக்கிற காய்ச்சல் என்றார்கள் பெரியவர்கள், பாராசிட்டமால் கொடுத்தோம், சூடு இறங்கியது, படுத்துவிட்டோம். விடியற்காலையில் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

பிழைத்துவிட்டான். ஆனால் லைனை எடுத்துவிட்டார்கள், அந்தச் சிரையும் அடைபட்டுப் போனது. லைன் போட ஏற்ற பெரிய சிரைகள் உடம்பில் சிலதான்.

திரவத்தை ஏற்றும் பம்ப் ஓட ஆரம்பித்ததும் நடுக்கம் வந்ததே, அதுதான் அடையாளம்: குழாய்க்குள் ஒட்டியிருந்த கிருமியைத் திரவம் ரத்தத்துக்குள் தள்ளுகிறது. பாராசிட்டமால் சூட்டை மறைக்கும், கிருமியைத் தொடாது. “மருந்து கொடுத்தோம், குறைஞ்சிடுச்சு” என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது. பம்பை நிறுத்துவதா என்று மருத்துவக் குழுவிடம் போனில் கேட்டபடியே கிளம்புங்கள். அவசரப் பிரிவில் முதல் வார்த்தையே “சென்ட்ரல் லைன் இருக்கிறது” என்பதாக இருக்கட்டும். லைனிலிருந்து கல்ச்சருக்கு (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) ரத்தம் எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும்.

தாகத்துக்கு வெறும் தண்ணீர், பழச்சாறு

ஸ்டோமா (குடலை வயிற்றின் மேல் வெளியே திறந்துவைத்த வாய்) இருந்தால் இரண்டுமே அதன் வழியாக வெளியேறும் போக்கைக் கூட்டும். குழு சொல்லும் உப்பு-சர்க்கரைக் கரைசல்தான்.

வாய்க்கு எதுவும் காட்டாமல் இருப்பது

அப்புறம் கரண்டியைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும். அனுமதித்த அளவு, துளியானாலும், தினமும் கொடுங்கள்.

லைன் வேலை முழுவதையும் ஒருவரே பார்ப்பது

நான் காய்ச்சலில் எழவே முடியாமல் கிடந்த இரவில், என் கணவர் போனை ஸ்பீக்கரில் போட்டு, செவிலியர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு மூடியாகத் திறந்து பையை மாட்டினார். மறுவாரமே அவரும் பயிற்சிக்குப் போனார்.