ரேவால் குதிரை: சந்தையில் சறுக்கும் இடங்கள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை கூடும்போது மார்வாரி, கத்தியவார் இனக் குதிரைகள் வரிசை கட்டி நிற்கும். உள்பக்கம் வளைந்து நுனி சேரும் காதைப் பார்த்ததுமே “இது ரேவால் போடும்”, அதாவது துள்ளாமல் போகும் நடை இதற்கு வரும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். காது இனத்தைச் சொல்லும், நடையைச் சொல்லாது. இரண்டு இனத்திலும் ரேவால் வராத குதிரைகள் உண்டு.

ரேவாலில் நான்கு குளம்பும் தனித்தனியாக விழும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்: டக், டக், டக், டக். ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து விழுந்தால் ஓசை இரண்டாகிவிடும், மேலே இருப்பவர் இடமும் வலமுமாக ஆடுவார். அதுவும் ரேவால் விலைக்குத்தான் பேசப்படும். ஓட்டிக் காட்டுபவர் லகானை இறுக்கி, தலையைத் தூக்கிப் பிடித்திருந்தால் தளர்த்தச் சொல்லுங்கள். பிறகு உங்கள் ஆள் ஏறி மணல், வளைவு, லேசான சரிவு என்று 20 நிமிடம் போய் வரட்டும். நடை கலைந்தால், முன்பு காட்டிய ரேவால் ஓட்டியின் கைவேலை. அவரையும் சேர்த்து விலைக்கு வாங்க முடியாது.

நல்ல நடை நொண்டலை மறைக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரேவாலில் குதிரை துள்ளாததால் கோளாறு கண்ணில் படாது. சேணத்தைக் கழற்றி, கயிற்றில் பிடித்து, கெட்டித் தரையில் நேராகவும் சின்ன வட்டமாகவும் விரட்டிப் பாருங்கள். வலிக்கும் முன்கால் ஊன்றும்போது தலை மேலே எழும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். வலி ஊசி போட்டிருந்தால் அன்று எதுவும் தெரியாது. அதனால் சில நாள் கழித்து, சொல்லாமல் போய் இன்னொரு தடவை பாருங்கள். குளம்பைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று கவனியுங்கள். குளம்பு வளையங்கள் முன்னால் நெருங்கியும் குதிகால் பக்கம் அகன்றும் இருந்தால் பழைய குளம்பு அழற்சி என்று சந்தேகப்படலாம்.

வயதுக்குப் பல். முன்பற்களில் நடு ஜோடி சுமார் இரண்டரை வயதிலும், அடுத்தது மூன்றரையிலும், ஓரத்தது நாலரையிலும் மாறும். “அஞ்சு வயசுதான்” என்ற குதிரையின் மேல் ஓரப்பல்லில் ஈறிலிருந்து பழுப்புக் கோடு பாதிவரை இறங்கியிருந்தால், வயது 15-ஐ ஒட்டியிருக்கும்.

சவாரிக்காரரின் எடையைக் கணக்கிடாமல் வாங்குவதும் சகஜம். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு 160 செ.மீ., தோள் முனையிலிருந்து பின்தொடை முனைவரை 150 செ.மீ. என்று வையுங்கள். 160 × 160 × 150-ஐ 11,880-ஆல் வகுத்தால் சுமார் 323 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சேணத்தோடு சேர்த்து 65 கிலோதான் அதன் சுமை. 80 கிலோ ஆள் ஏறினால் முதலில் போவது முதுகு, பின்னாலேயே நடை.

குதிரையின் மயிர்ச் சுழியில் நம்பிக்கை இருப்பதும் இல்லாததும் உங்கள் விஷயம். ஆனால் வாங்கும்போது சுழியைப் பார்க்காதவர், விற்கும்போது அதற்காக விலை குறைவதைப் பார்ப்பார். கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனையில் மட்டும் சமரசம் வேண்டாம். அது மனிதருக்கும் தொற்றும், உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டியிருக்கும்.

விற்பவர்கள் செய்யும் பெரிய தவறு, ஆள் வருமுன் குதிரையை ஓட்டிக் களைக்க வைத்து “சாது” என்று காட்டுவது. மூன்றாம் நாள் அது புதியவரைக் கீழே தள்ளும், நான்காம் நாள் உங்கள் வாசலில் நிற்கும். கடிக்கும், லாடம் அடிக்க நிற்காது, வண்டியில் ஏறாது என்பதையெல்லாம் விலை பேசுமுன் சொல்லி, ரசீதிலும் எழுதிவிடுங்கள். துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசிய விலைக்குச் சாட்சி கிடையாது. விலையையும், தரகு யார் தருவது என்பதையும் ரசீதிலேயே குறியுங்கள். கொள்ளும் புல்லும் எவ்வளவு, எந்த நேரம் என்று சொல்லி, ஒரு வாரத் தீனியைக் கூடவே அனுப்புங்கள். புதுத் தீனியைப் பழையதோடு கலந்து 7 முதல் 10 நாளில் மாற்ற வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுவலி வந்து புரளும், பழி விற்றவர் தலையில்தான் விழும்.