தைராய்டு கண் நோயில் இமை தொங்கினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேவ்ஸ் நோய் (தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோய்) உள்ளவருக்கு இமை இறங்கினால் அதையும் தைராய்டு கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். இதுதான் பெரிய தவறு. தைராய்டு கண் நோயில் மேல் இமை உயரும். கருவிழிக்கு மேலே வெள்ளை தெரியும். இமை தொங்கினால் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோயும் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். இரண்டுமே நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்குவதால் வருபவை; ஒருவருக்கே இரண்டும் வருவதுண்டு.

எந்த நேரத்தில் தொல்லை அதிகம் என்று கவனியுங்கள். தைராய்டில் கண் தசைகள் வீங்கி இறுகுவதால் இரட்டைப் பார்வை பெரும்பாலும் காலையில் கூடுதலாக இருக்கும். மயஸ்தீனியாவில் நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராது. அதனால் மாலையிலும், நெடுநேரம் படித்த பிறகும் மோசமாகும். காலை 10 மணிக்கு டாக்டரிடம் போனால் இமை நேராகவே இருக்கலாம். எழுந்ததும் ஒன்று, இரவில் ஒன்று என முகத்தைப் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருத்துவமனையில் ஒரு நிமிடம் விடாமல் மேலே பார்க்கச் சொல்வார்கள். மயஸ்தீனியா இருந்தால் இமை மெல்லச் சரியும். மூடிய இமைமேல் 2 நிமிடம் ஐஸ் பேக் வைத்தபின் 2 மி.மீ. அளவாவது உயர்ந்தால் சந்தேகம் வலுக்கும்.

மயஸ்தீனியாவுக்கான ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாடி (உடலையே தாக்கும் எதிர்ப்புப் புரதம்) நெகட்டிவ் என்றதும் விட்டுவிடக் கூடாது. கண்ணோடு நிற்கும் மயஸ்தீனியாவில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அப்படித்தான் வரும். அடுத்து, நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேர்கிறதா என்று மின்முறையில் அளக்கும் சிங்கிள் ஃபைபர் இ.எம்.ஜி. பரிசோதனை இருக்கிறது. அதேபோல, ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) நார்மலாக இருந்தாலும் தைராய்டு கண் நோய் இருக்கலாம். மயஸ்தீனியா உறுதியானால் நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி உண்டா என்று பார்க்க மார்பு சி.டி. அவசியம்.

மருந்தில்தான் பலர் சிக்குகிறார்கள். தைராய்டு படபடப்புக்குத் தரும் ப்ரொப்ரனலால் மயஸ்தீனியாவை மோசமாக்கலாம். கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு மருந்துகூட அப்படித்தான். சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின் ஆகிய ஆன்டிபயாடிக் மருந்துகளிலும் எச்சரிக்கை தேவை. தைராய்டு கண்ணுக்கு அதிக அளவு ஸ்டீராய்டு ஏற்றினால் முதல் இரண்டு வாரங்களில் தளர்ச்சி கூடக்கூடும். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் இரண்டு நோயையும் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

புகைப்பது தைராய்டு கண்ணைக் கெடுக்கும், சிகிச்சையின் பலனையும் குறைக்கும். மாறுகண் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள்; கண் விலகலின் அளவுகள் சுமார் 6 மாதமாவது மாறாமல் நிற்க வேண்டும்.

நிறங்கள், குறிப்பாகச் சிவப்பு, மங்கினால் பார்வை நரம்பு நசுங்கியிருக்கலாம். அன்றே கண் டாக்டரிடம் போங்கள். விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், படுத்தால் மூச்சுத் திணறல் என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.