ஹைபர்நேட்டில் இருக்கும் விண்டோஸின் டிஸ்க்கை லினக்ஸிலிருந்து திறக்கும் முன்

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறீர்களா? லினக்ஸில் நுழைந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால் ஃபைல்களைப் படிக்க முடிகிறது, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை. சில சமயம் டிரைவே திறக்காமல், விண்டோஸ் ஹைபர்நேட்டில் (மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைந்திருக்கும் நிலை) இருப்பதாக ஒரு செய்தி வருகிறது. "ஷட் டவுன்தானே செய்தேன்?" என்று குழம்ப வேண்டாம். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி உண்டு. அது இயங்கினால் ஷட் டவுன் என்பதே பாதி ஹைபர்நேட்தான்: உங்கள் புரோகிராம்கள் மூடப்படும், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் மட்டும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கப்படும்.

இதில் ஆபத்து எங்கே? எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, எந்த இடம் காலி என்ற கணக்கை விண்டோஸ் மெமரியில் வைத்திருக்கும். ஹைபர்நேட் செய்யும்போது அந்தக் கணக்கும் ஹைபர்ஃபில் என்ற ஃபைலுக்குள் போய்விடும். இடையில் லினக்ஸ் அதே டிரைவில் எதையாவது எழுதினால், விழித்தெழும் விண்டோஸுக்கு அது தெரியாது. பழைய கணக்கை நம்பி, நீங்கள் புதிதாகச் சேமித்ததன் மேலேயே எழுதும். அதனால்தான் லினக்ஸ் அந்த டிரைவில் எழுத மறுக்கிறது.

படி 1. விண்டோஸில் கண்ட்ரோல் பேனல் போய் பவர் ஆப்ஷன்ஸைத் திறங்கள். இடது பக்கத்தில், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் இணைப்பு இருக்கும். அதற்குள் போய், மங்கலாக இருக்கும் அமைப்புகளை மாற்றுவதற்கான வரியைச் சொடுக்கினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக் பெட்டி திறக்கும். டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். பெரிய அப்டேட் வந்த பிறகு, டிக் திரும்ப வந்திருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்ப்பது நல்லது.

இன்று ஒரு நாள் மட்டும் போதும் என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். ரீஸ்டார்ட் செய்தாலும் விண்டோஸ் முழுமையாகவே மூடும்.

படி 2. ஹைபர்நேட்டே தேவையில்லை என்பவர்கள் அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையை ஸ்லாஷ் ஹெச் ஆஃப் என்ற சேர்க்கையோடு கொடுக்கலாம். ஹைபர்ஃபில் அழிந்து சில ஜிபி இடமும் கிடைக்கும். லேப்டாப்பில் ஹைபர்நேட்டை நிஜமாகவே பயன்படுத்துபவர்கள் இதைத் தொட வேண்டாம். லினக்ஸுக்கு மாறும் முன் விண்டோஸை எழுப்பி, முழுதாக மூடிவிட்டு மாறினால் போதும்.

படி 3. ஒரு ஃபைல் அவசரமாக வேண்டும், விண்டோஸோ ஹைபர்நேட்டில் இருக்கிறது. சரி, லினக்ஸில் டிரைவை ரீட் ஒன்லியாக (படிக்க மட்டும், எழுத முடியாதபடி) மவுண்ட் செய்து, அதாவது இணைத்து, நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ரிமூவ் ஹைபர்ஃபைல் என்ற மவுண்ட் ஆப்ஷனை இணையத்தில் பலர் சர்வசாதாரணமாகப் பரிந்துரைப்பார்கள். அது ஹைபர்நேட் பதிவையே அழித்துவிடும். விண்டோஸில் சேமிக்காமல் திறந்து வைத்திருந்த வேலை எல்லாம் போய்விடும்.

ஹைபர்நேட் ஆகியிருப்பது லினக்ஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். லினக்ஸ் பயன்படுத்தும் இஎக்ஸ்டி4 வகைப் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் ஒரு பகுதி) இன்னொரு லினக்ஸிலிருந்து ரீட் ஒன்லியாகத் திறந்தாலும், ஜர்னலில் (டிஸ்க்கில் செய்யும் மாற்றங்களின் குறிப்பேடு) மிச்சம் இருந்தால் அதைச் சரிசெய்ய டிஸ்க்கில் எழுதிவிடும். நோலோட் என்ற மவுண்ட் ஆப்ஷனைச் சேர்த்தால் அது நடக்காது. அப்புறம், இரண்டு லினக்ஸுக்கு ஒரே ஸ்வாப் பார்ட்டிஷன் (மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) வைக்காதீர்கள். ஹைபர்நேட் பதிவு அங்கேதான் இருக்கும். மற்ற லினக்ஸ் அதே ஸ்வாப்பைப் பயன்படுத்தத் தொடங்கினால் பதிவு காலி.

யுஎஸ்பி டிஸ்க்கும் விதிவிலக்கல்ல. ஹைபர்நேட் கொடுக்கும் முன் முறைப்படி எஜெக்ட் செய்துவிடுங்கள். செருகியபடியே ஹைபர்நேட் செய்துவிட்டு, பிடுங்கி வேறு கம்ப்யூட்டரில் எழுதிவிட்டுத் திரும்பச் செருகினால் இதே சிக்கல்தான்.

ஹைபர்நேட்டில் இருந்த விண்டோஸ் டிரைவில் ஏற்கெனவே எழுதிவிட்டீர்களா? அப்படியானால் மட்டும் ரிமூவ் ஹைபர்ஃபைல் சரியான மருந்து. விண்டோஸைப் பழைய பதிவிலிருந்து எழவிடாமல் பதிவை அழித்துப் புதிதாகத் தொடங்கவிடுங்கள், உடனே அந்த டிரைவில், டிஸ்க்கைச் சரிபார்க்கும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுங்கள்.