சீர் கொண்டு போகும் முன்: தமிழ்நாட்டுக்குச் செல்லும் மலேசியத் தமிழருக்கு

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வாழும் நம்மில் பலருக்கு, தாத்தாவோ பாட்டியோ நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த பிறகும் ஊருடன் உறவு விட்டுப்போகவில்லை. அங்கே ஒரு பெண்ணுக்குச் சடங்கு என்றோ, பிள்ளைக்குக் காதுகுத்து என்றோ செய்தி வரும்போது, "மாமன் சீர் வர வேண்டும்" என்ற வரியும் அதில் சேர்ந்திருக்கலாம். அந்த வரியின் பொருளை அறிந்துகொண்ட பிறகு பயணச்சீட்டு வாங்குவதும் பொருள் வாங்குவதும் நல்லது.

சீர் என்பது உறவின் முறையால் ஒருவருக்கு வந்து சேரும் உரிமையும் கடமையும் ஆகும். மொய்யை நண்பரும் அண்டை வீட்டாரும் எழுதலாம்; சீரைப் பிறந்த வீட்டார்தான் கொண்டு வர முடியும், அவர்களுள்ளும் தாய்மாமனுக்கே முதலிடம். காதுகுத்தில் பிள்ளை அமர்வது அவர் மடியில். பெண் பெரியவளானால் பச்சை ஓலைக் குடிசை கட்டுவதும் சேலை எடுப்பதும் அவர் பொறுப்பு. திருமணத்தில் நெற்றியில் பட்டம் கட்டுவதும் பல சமூகங்களில் அவருடைய உரிமை. ஆகவே நிறையப் பணம் வைத்த உறை ஒன்றை நீட்டிவிட்டுச் சீர்த் தட்டு இல்லாமல் போய் நிற்கும் மாமன், தாராளமாகக் கொடுத்தும் சபையில் தன் தங்கையைத் தலைகுனிய வைத்துவிடக்கூடும்.

இங்கிருந்து செல்வோர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, தாம் எந்த முறையில் மாமன் என்பதை. மூன்றாம் தலைமுறையினரான நமக்கு ஊரில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெரியப்பா, சித்தப்பா வழிச் சகோதரிகளே. அவர்களுக்கு உடன்பிறந்த அண்ணனோ தம்பியோ இருந்தால் முதல் சீர் அவருடையது. நாம் பங்காளி வழி மாமன்கள். அத்தகைய இடத்தில் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறோம் என்பதற்காகத் தனியாகப் பெரிய சீர் எடுத்து, மூத்தவரின் சீரைச் சிறிதாகக் காட்டுவது முறையன்று. அவரிடம் முன்கூட்டியே பேசி, அவருடைய சீரோடு நம் தட்டுகளையும் சேர்த்துக்கொள்வதே சரி. உடன்பிறந்தவர் இல்லாத வீட்டில் பொறுப்பு நம்மிடம் வரக்கூடும். அப்போது வயதில் மூத்த பெண்கள் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். சீரின் ஒழுங்கை நுணுக்கமாக நினைவில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தாம்.

சொல்லின் வழக்கு ஊருக்கு ஊர் மாறுகிறது. கொங்கு நாட்டில் நிகழ்ச்சியையே சீர் என்பார்கள்: இணைச்சீர், எழுதிங்கள் சீர் என்பவை அங்குள்ள சமூகங்களில் தனித்தனிச் சடங்குகளின் பெயர்கள். மதுரைப் பக்கத்தில் செய்முறை என்ற சொல்லைக் கேட்பீர்கள். அது சீரும் மொய்யுமாகக் கொடுத்துத் திரும்ப வாங்கும் வழக்கம் முழுவதையும் குறிக்கும். தலைதீபாவளிச் சீர், பொங்கல் சீர், ஆடிச் சீர் என்று பண்டிகையை ஒட்டி வருபவையும் உண்டு. பேச்சில் சீர் வைத்தல், சீர் செய்தல், சீர் கொண்டு போதல் என்றே சொல்வது வழக்கம். துக்க வீட்டில் மட்டும் இந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே பிறந்த வீட்டார் கொண்டு வரும் துணிக்குக் கோடி என்று பெயர்.

தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, கற்கண்டு ஆகியவற்றை ஊரிலேயே வாங்குங்கள். தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். பட்டுச்சேலையைப் பினாங்கின் லெபோ பாசாரிலோ கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவிலோ எடுத்துச் செல்லலாம் என்றாலும், நிறம் குறித்து அந்த வீட்டாரிடம் கேட்டுவிடுவது நல்லது, கறுப்பை விரும்பமாட்டார்கள். நகை கொண்டு செல்வதானால், தீர்வையின்றி அனுமதிக்கப்படும் அளவை இந்தியச் சுங்கத் துறையின் இணையதளத்தில் புறப்படும் முன் பாருங்கள். மொய்யை ரூபாயாக மாற்றி, 501, 1001 என்று ஒரு ரூபாய் சேர்த்து வையுங்கள். ரிங்கிட் தாளை மொய் நோட்டில் எப்படி எழுதுவது என்று எழுதுபவர் திணறுவார், பின்னாளில் திருப்பிச் செய்பவருக்கும் கணக்குத் தெரியாது.

சீர் பெரும்பாலும் அருகிலுள்ள பிள்ளையார் கோயிலிலிருந்து மேளத்துடன் புறப்படும். தட்டுகளைச் சுமங்கலிகளே எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கணவனை இழந்த அக்காவை ஓரமாக நிறுத்தும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அதை மாற்ற விரும்பினால் மண்டப வாசலில் வாதிடாமல், முதல் நாளே வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள். இப்போது பல குடும்பங்கள் சம்மதிக்கின்றன. சீர் வைத்த மாமனுக்கு வேட்டியோ துண்டோ கொடுத்து மரியாதை செய்வார்கள். கூச்சத்தில் "எனக்கு எதற்கு" என்று மறுக்காமல் வாங்கி, அங்கேயே தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வரம்பும் உண்டு. மனமுவந்து கொண்டு போவதே சீர். இத்தனை பவுன் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குவது 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு மாமன் வருகிறார் என்றவுடன் எதிர்பார்ப்பு ஏறுவதும் நடக்கிறது. அப்படி ஒரு பேச்சு எழுந்தால், உங்களால் இயன்றதைத் தங்கையிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். சபையில் பேச வேண்டிய நிலை அவளுக்கு வராது.